தராசில் எண்ணும் அணுக்கள்

‘மோல்’ என்றதும் 6.022 × 10²³ என்று ஒப்பித்து விடுகிறோம். அவ்வளவையும் கையால் தொட்டதுண்டா? குடிநீர் 18 கிராம் நிறுத்துக் குடித்துப் பாருங்கள். அத்தனை மூலக்கூறுகளும் ஒரே மிடறுதான்!

மங்களூர் மாணவர்க்கு மற்றொரு வாய்ப்புண்டு. பீங்கானுக்குப் பேர்பெற்ற விருத்தாசலம் தொலைவிலில்லை. நன்றாக உலர்த்திய கயோலின் களிமண் 25.8 கிராம் நிறுத்து, சூளையில் சுடச் செய்யுங்கள். அது ஒரு மோலில் பத்திலொரு பங்கு. ஆறியபின் நிறுத்தால் ஏறக்குறைய 22.2 கிராமே நிற்கும். மிச்சம் எங்கே? 3.6 கிராம், அதாவது 0.2 மோல் நீர், ஆவியாகப் போயிற்று. மேலே ஒட்டிய ஈரமன்று அது. மண்ணின் மூலக்கூற்றமைப்பிலேயே கட்டுண்டிருந்தது. ஒரு மோல் களிமண்ணுக்கு இரண்டு மோல் நீர்!

இழப்பு சற்றுக் குறைந்தால் தராசை நோகவேண்டாம், மணல் கலந்திருக்கும். எவ்வளவு மணலென்று அந்தக் குறைவைக் கொண்டே கணக்கிடலாம்.