சிறு உருவத்திற் பீரங்கியின் நீளம்



யுத்த வாகனங்களைச் சிறு உருவில் அமைத்து மகிழ்வோர் பல நாடுகளிலும் உளர். முப்பத்தைந்தில் ஒரு பங்களவாகச் செய்யப்படும் உருவங்கள் அவர்களிடையே பெரிதும் வழங்குகின்றன. அவற்றின் பீரங்கி மூன்று சென்ரிமீற்றர் கூடினாலென்ன, குறைந்தாலென்ன என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். சரித்திரம் படித்தவனுக்கு அது அழகான கேள்வியன்று.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட ஷேர்மன் டாங்கியை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியப் படையிடம் இருந்த ஷேர்மன்களிற் பெரும்பாலானவை 75 மில்லிமீற்றர் பீரங்கி பூட்டியவை. ஜேர்மனியரின் டைகர் டாங்கியின் முன்புறக் கவசமோ 100 மில்லிமீற்றர் தடிப்புடையது. வழக்கமான போர்த் தூரத்திலிருந்து அதனைத் துளைக்க அப்பீரங்கியால் இயலவில்லை. ஆதலாற் பிரித்தானியர் தங்கள் பதினேழு இறாத்தற் பீரங்கியைச் சில ஷேர்மன்களிற் பொருத்தினர். அவையே 'பயர்பிளை', அதாவது மின்மினி, எனப் பெயர் பெற்றன.

பழைய குழல் ஏறத்தாழ 3 மீற்றர். புதியது 4 மீற்றருக்கும் மேல். சிறு உருவில் அவ்வேறுபாடு மூன்று சென்ரிமீற்றர் சொச்சந்தான். 1944ஆம் ஆண்டு நோர்மண்டியிலோ மனித உயிர்கள் அதிலே தங்கியிருந்தன. நான்கு டாங்கிகள் கொண்ட அணியிற் பெரும்பாலும் ஒன்றே மின்மினி. நீண்ட குழலைத் தூரத்திலேயே இனங்கண்ட ஜேர்மன் வீரர் அதனையே முதலிற் சுட முயன்றனர். அதையறிந்த பிரித்தானிய வீரர் ஓர் உபாயஞ் செய்தனர். குழலின் முன்பாதியின் அடிப்புறத்துக்கு வெண்மையான அல்லது வெளிறிய வர்ணம் பூசினர். அப்பாதி வெளிச்சத்தோடு கலந்து மறைய, எஞ்சியது பழைய குறுங்குழல் போலத் தோன்றும்.

இங்கேதான் உருவம் அமைப்பவருக்கு ஒரு வேடிக்கையான கடமை வந்து சேர்கிறது. பொய்த்தோற்றத்தை அவர் உண்மையாகக் காட்டவேண்டும்! எல்லா மின்மினிகளுக்கும் இவ்வாறு வர்ணம் பூசப்படவுமில்லை. ஆகவே தாம் அமைக்கும் அந்த ஒரு வாகனத்தின் நிழற்படத்தைத் தேடவேண்டும். அதுவோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம். எது நிழல், எது வர்ணம் என்று பிரித்தறியப் பொறுமை வேண்டும். நூதனசாலையில் நிற்கும் டாங்கியைப் பார்த்தாற் போதாதோ எனின், யுத்தத்தின் பின் மீண்டும் வர்ணம் பூசப்பெற்ற வாகனத்தை இவ்விஷயத்திற் சாட்சியாகக் கொள்ளல் இயலாது.

குழலோடு காரியம் முடிவதுமில்லை. பெரிய பீரங்கி சுடும்போது பின்னோக்கி உதைப்பதற்கு இடம் வேண்டியிருந்தது. அதனால் வானொலிக் கருவியைச் சுழல்கோபுரத்துக்குப் பின்னே ஒரு கவசப் பெட்டியில் வைத்தனர். நீண்ட குண்டுகளை அடுக்குவதற்கு, முன்புறத்து இயந்திரத் துப்பாக்கிக்காரனின் இருக்கையையே எடுத்துவிட்டனர். துப்பாக்கித் துவாரமும் கவசத்தால் மூடப்பட்டது. ஐவர் சென்ற டாங்கியில் நால்வரே சென்றனர். இதனை அறியாது, மின்மினியின் முன்புறத்தில் அத்துப்பாக்கியை அழகாக ஒட்டிவைத்த உருவங்களையும் காண்கிறோம். குழலை மயிரிழையும் பிசகாது அளந்தவர்களே அதனைச் செய்திருப்பார்கள். அந்தத் துப்பாக்கியைப் பிடிக்க அங்கே ஆளில்லை. அவன் இருந்த இடத்திற் குண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன.