முதுமையும் அளவுக் கருவியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நீண்ட ஆயுள் பெரும் பேறு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபது வயதை எட்டியிருந்தனர். ஆயுள் நீள, நோயும் உடன் நீண்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒரு கிழமை மருந்தோடு ஓடிவிடும் காய்ச்சல் அல்ல, வீட்டிலேயே குடியிருப்பவை. ஆதலின் அவற்றைக் கவனிக்கும் வேலையும் வீட்டிலேயே நடைபெற வேண்டியதாயிற்று.

1896ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் றீவா ரொச்சி, கையிற் பட்டி கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை வகுத்தார். நெடுங்காலம் வைத்தியர் கைக்கே உரியதாயிருந்த அவ்வளவீடு, இன்று பொத்தானை அழுத்தியதும் தானே நடைபெற்று, கைத்தொலைபேசியிற் பதிவாகிறது. விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தாற் சில விநாடிகளிற் சீனியின் அளவு தெரிகிறது. கிளினிக்கில் எடுக்கும் அளவு ஒரு நாளின் செய்தி. வீட்டில் நாள்தோறும் குறித்த அளவுகளைக் கண்டால், இடைப்பட்ட நாட்களின் நிலையையும் வைத்தியர் அறிவார்.

ஆயினும், கருவியை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என எண்ணுவோர் நம்மிற் பலர். இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இரத்தச் சீனியை மில்லிமோல் கணக்கில் அளக்கிறார்கள். நமது கிளினிக்குகளில் வழங்குவது மில்லிகிராம் கணக்கு. அங்கிருந்து பிள்ளை அன்போடு அனுப்பிய கருவி 7 எனக் காட்டினால் நம் கணக்கில் அது 126. பதினெட்டாற் பெருக்க வேண்டும் என அறியாத தாய், ஏழு மிகக் குறைவென்று அஞ்சி இனிப்பை அள்ளி உண்ணக்கூடும். அதற்குரிய சோதனைப் பட்டி உள்ளூர்க் கடையில் அகப்படாவிடின், கருவி அலுமாரியில் உறங்கும்.

அளக்கும் முறையும் அறியப்படல் வேண்டும். படியேறி வந்தவுடன் இரத்த அழுத்தம் பார்த்தல் தவறு. தேநீரோ கோப்பியோ அருந்தி அரை மணி நேரம் கழியட்டும். முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்திற் பதித்து, ஐந்து நிமிடம் பேசாது இருந்து, கையை இருதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளத்தல் நன்று.

விரதகாலம் தனிக்கவனத்துக்குரியது. இன்சுலினும் சிலவகைக் குளிசைகளும் எடுப்போர் உபவாசமிருந்தாற் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கலாம். வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் அதன் அறிகுறிகள். உடனே சீனி கரைத்த நீர் அருந்த வேண்டும். மயங்கிவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாது, 1990 இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். கந்தசஷ்டிக்கு முன்னரே வைத்தியரிடம் ஆலோசனை கேட்பது பக்திக்குக் குறைவாகாது.

இளைஞர்களே, இன்னுமொன்று. பெற்றோரின் அளவுகள் கடல் கடந்த பிள்ளையின் தொலைபேசிக்கும் இன்று செல்கின்றன. நல்லதே. ஆனால், "அம்மா, நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று நாள்தோறும் விசாரணை நடந்தால், அம்மா அளப்பதையே கைவிட்டுவிடுவார். உடம்பு அவருடையது, அளவை யாருக்குக் காட்டுவது எனத் தீர்மானிப்பவரும் அவரே. நாம் துணைவராயிருக்கலாம், காவலராகலாகாது.

ஆகவே நம் சங்கத்தாரை ஒன்று வேண்டுகிறேன். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அயலிலுள்ள முதியவர் ஒருவர் வீட்டுக்குச் செல்லுங்கள். தொலைபேசியின் எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழாக்கிக் கொடுங்கள். கருவியை நீங்கள் பிடுங்கி இயக்காமல், அவர் கையாலேயே பழகவிடுங்கள். கொப்பியொன்றில் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மருந்தின் அளவை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். அது வைத்தியரின் பொறுப்பு.

பெரியோர்களே, பேரப்பிள்ளையிடம் கேட்டறிய வெட்கப்படாதீர்கள். எங்கள் கைபிடித்து அகரம் எழுதப் பழக்கியவர்கள் நீங்கள். அப்பொறுமையிற் சிறிதளவேனும் உங்களுக்குத் திருப்பித் தரும் வாய்ப்பை எங்களுக்கு அளியுங்கள்.