விளக்கக் குழு விடைபெற்றபோது

கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளுள் ரஸ்ட் என்பதும் ஒன்று. எவரும் எடுத்தாளலாம், எவரும் திருத்தம் எழுதி வழங்கலாம் என்னும் திறந்த முறையில் வளர்வது அது. அதன் முதல் நிலையான பதிப்பு 2015ஆம் ஆண்டு மே திங்களில் வெளிவந்தது. அதற்கு விளக்கம் எழுதிப் பேணிவந்த தொண்டர் குழு 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கலைக்கப்பட்டது.

விளக்கமே வேண்டாமென்றா கலைத்தார்கள்? அன்று. அப்பணி பல கைகளுக்குப் பிரிந்து சென்றது. அம்மொழியில் ஒரு நிரற்பகுதியின் விளக்கம், மூன்று சாய்கோடுகளுடன் தொடங்கும் வரிகளாக, அப்பகுதியின் தலைமேலேயே அமர்ந்திருக்கும். அவ்வரிகளில் உள்ள எடுத்துக்காட்டையும் கணிப்பொறி இயக்கிச் சோதிக்கும். நிரலை மாற்றியவர் எடுத்துக்காட்டை மாற்ற மறந்தால் சோதனை தோற்கும். பிழை அப்போதே வெளிப்படும். நல்ல ஏற்பாடுதான்.

ஆயினும் எனக்கோர் ஐயம். எடுத்துக்காட்டு தவறினால் பொறி சொல்லும். அதனைச் சூழ்ந்த வாக்கியம் புதிதாய்ப் பயில்வோருக்கு விளங்காவிட்டால் யார் சொல்வார்? எழுதியவருக்கு அது தெளிவாகவே தோன்றும். நிரலை ஆக்கியவரும் அவரேயல்லரோ? அதைப் பார்வையிடும் தோழரும் பெரும்பாலும் அந்நிரலை அறிந்தவரே. விளங்காத வரியைக் கண்ட மாணவர் ஒருவர் இன்றும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அதற்குக் குழுவில் இடம் பெறவேண்டியதில்லை.