காவல் விலகிய நாட்டில் குடிமக்கள்



போரால் சிதைந்த நாட்டை மீட்டெடுப்பதில் குடிமக்களின் கடமை பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். பொதுப்படப் பேசினால் உபதேசமாகிவிடும். ஆகவே சூடான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் அரசு தன் மக்களை இனப்படுகொலையிலிருந்து காக்கத் தவறினால் உலகம் முன்வரும் என்று 2005ஆம் ஆண்டு ஐ.நா. உச்சி மாநாட்டில் தலைவர்கள் உறுதி கூறினார்கள். அந்த உறுதி உரைத்துப் பார்க்கப்பட்ட முதல் இடங்களில் ஒன்று சூடானின் மேற்கிலுள்ள தார்ஃபூர். 2007இல் ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் கூட்டாக அங்கே ஒரு காவற்படையை அமைத்தன. ஏறத்தாழ 26,000 பேருக்கு அனுமதி. 2020 டிசம்பர் 31இல் அதன் பணி முடித்துவைக்கப்பட்டது. மூன்று வாரம் ஆகவில்லை, தார்ஃபூரின் எல் ஜெனீனா நகரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

2023 ஏப்ரல் 15இல் ராணுவமும் ‘அதிவிரைவு ஆதரவுப் படை’ என்ற துணைப்படையும் மோதத் தொடங்கின. அதே எல் ஜெனீனாவில் மசாலித் இன மக்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். தார்ஃபூரின் இன்னொரு நகரமான எல் ஃபாஷரைத் துணைப்படை முற்றுகையிட்டது; அதை நிறுத்தும்படி 2024 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தீர்மானம் போட்டது. துணைப்படை அதைப் பொருட்படுத்தவில்லை. நவம்பரில் வந்த இன்னொரு தீர்மானத்தை ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. ஐந்நூறு நாள்களுக்கு மேல் நீடித்த முற்றுகையில் மக்கள் கால்நடைக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கைத் தின்றார்கள். 2025 அக்டோபரில் நகரம் வீழ்ந்தது, படுகொலை தொடர்ந்தது.

இந்த நாட்டில் கஞ்சி ஊற்றியது யார்? 2019இல் உமர் அல் பஷீரின் ஆட்சியை வீழ்த்திய போராட்டத்தில் தெருவுக்குத் தெரு ‘எதிர்ப்புக் குழுக்கள்’ இருந்தன. போர் மூண்டதும் அந்தக் குழுக்களின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ‘அவசர உதவி அறைகள்’ என்று புதிதாக அமைத்துக்கொண்டார்கள். அறுவடைக்கும் வீடு கட்டவும் ஊர் கூடி உழைக்கும் ‘நஃபீர்’ என்ற பழைய வழக்கம் அங்கே உண்டு. நம் குடிமராமத்தைப் போல. சூஃபி மடங்களின் அன்னதானக் கூடத்துக்கு வழங்கிய ‘தகாயா’ என்ற பெயரில் தெருவோரம் அடுப்பு மூட்டினார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் கைப்பேசிச் செயலி வழியே அனுப்பிய பணம் பருப்பாகவும் அவரையாகவும் மாறியது. 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டபோது அந்த வழியும் அடைந்தது. செயற்கைக்கோள் இணையம் தேடிப் பிடித்துச் சமாளித்தார்கள். சமையலோடு நிற்கவில்லை: ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள், மருந்து தேடினார்கள், குழாய் பழுது பார்த்தார்கள், செலவுக்குக் கணக்கு எழுதினார்கள். இதற்காகவே இரு தரப்பும் அவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தன, பலர் கொல்லப்பட்டார்கள்.

இதைத் தொண்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு முதலில் சோறு, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்று கூடிப் பேசி முடிவெடுத்து, செய்ததற்குக் கணக்கும் காட்டுகிறார்களே, அரசாங்கம் என்பது வேறென்ன? போர் ஓயட்டும், பிறகு கட்டலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. குடிமக்களின் கடமையாக நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் இந்தப் பாராட்டில் ஓர் ஆபத்து உண்டு. 2025இல் இந்த அவசர உதவி அறைகளுக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியதால் நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டிருந்தன. ‘தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்’ என்ற புகழ்ச்சி, உலகம் கை கழுவ வசதியான சாக்கு. அகப்பை பிடித்தவரால் டிரோனை நிறுத்த முடியாது. ஆயுதம் வரும் வழியை அடைப்பதும் கொன்றவரை நீதிமன்றத்தில் நிறுத்துவதும் வெளியே இருப்பவர்கள் பட்ட கடன். உள்ளூரார் எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கடன் குறையாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூடான் சமாதானப் பேச்சு பற்றிய செய்தி உங்கள் கண்ணில் படும். மேசையில் போரிடும் இரு தரப்புத் தளபதிகளின் ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால், அடுப்பு மூட்டியவர்களுக்கு ஏன் நாற்காலி இல்லை என்று கேளுங்கள், எழுதுங்கள்.