எண்ணிக்கையா, எண்ணமா?



'மிகுதியாக விற்ற நூல்கள்' என்று ஒரு செய்தித்தாள் பட்டியலிட்டால், படிப்பவர் அதனை என்னவென்று கொள்வார்? கடைகளில் விற்ற படிகளை எண்ணினார்கள். எண்ணியதை மேலிருந்து கீழாக அடுக்கினார்கள். அவ்வளவே என்றுதான் கொள்வார். கூட்டல் அறிந்த எவரும் செய்யக்கூடிய வேலை அது. அதில் அரசியல் நுழைவதற்கு வழி ஏது? ஆயினும், அமெரிக்க நாட்டின் 'நியூயார்க்கு டைம்சு' நாளிதழ் கிழமைதோறும் வெளியிட்டு வரும் நூற்பட்டியலைக் குறித்து, 'அஃது ஒரு சாரார்க்குச் சாய்ந்த பட்டியல். தமக்கு உவப்பில்லாத அரசியல் நூல்களைக் கீழே இறக்குகின்றனர். சில வேளைகளில் அறவே விலக்கிவிடுகின்றனர்' என்னும் சாட்டு நெடுங்காலமாக எழுந்து வருகின்றது. அச்சாட்டில் உண்மை எவ்வளவு, விற்பனையாளரின் கூச்சல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இப்பொழிவின் நோக்கம்.

இத்தகைய பட்டியல் அந்நாட்டில் புதியதன்று. 'புக்மன்' என்னும் இதழ் 1895-ஆம் ஆண்டிலேயே அதனைத் தொடங்கிவிட்டது. நியூயார்க்கு டைம்சு 1931 அக்டோபர் 12-ஆம் நாள் தன் முதற் பட்டியலை வெளியிட்டபோது அதில் இடம் பெற்றவை ஒன்பதே நூல்கள். புனைகதை ஐந்து, பிற நான்கு. அவையும் நியூயார்க்கு நகரத்து விற்பனையை மட்டுமே காட்டின. பின்னர் வேறு நகரங்களும் சேர்ந்தன. 1942 ஆகத்து 9-ஆம் நாள் அது நாடு தழுவிய பட்டியலாயிற்று. ஒரு நகரத்துச் செய்தியாகப் பிறந்தது, இவ்வாறு ஒரு நாட்டின் நூல்வணிகத்துக்கே முத்திரை குத்தும் ஆற்றலைப் பெற்றது.

ஆற்றல் என்பது வெறுஞ்சொல்லன்று. அப்பட்டியலில் ஏறிய நூல் கடையின் முன்மேசைக்கு வருகின்றது. பதிப்பகத்தார் ஆசிரியரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பலவற்றில், பட்டியலில் ஏறினால் இவ்வளவு கூடுதல் தொகை என்று எழுதப்படுகின்றது. ஒரே ஒரு கிழமை ஏறி இறங்கிய ஆசிரியரும், வாழ்நாள் முழுமையும் தம் நூல்களின் மேலட்டையில் அப்பட்டத்தை அச்சிட்டுக்கொள்ளலாம். ஆலன் சோரன்சன் என்னும் பொருளியல் பேராசிரியர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புனைகதை நூல் பட்டியலில் ஏறியதால் அதன் விற்பனை சராசரியாக நூற்றுக்கு 13 அல்லது 14 பங்கும், முதல் நூல் எழுதும் புதியவர்க்கு 57 பங்கும் உயர்ந்ததாகக் கண்டது. முன்னரே புகழ் பெற்றவர்க்கு அதனால் பெரும்பயன் ஒன்றுமில்லை. எனவே, பட்டியல் தவறினால் அடிபடுபவன் யார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பெயரற்றவனே அடிபடுகின்றான்.

இனி, கணக்கு எங்ஙனம் எடுக்கப்படுகின்றது என்பதைப் பார்க்க வேண்டும். நாட்டிலுள்ள நூற்கடைகள் எல்லாவற்றையும் அவ்விதழ் கணக்கில் கொள்வதில்லை. தேர்ந்தெடுத்த கடைகள் சில, ஞாயிறு முதல் காரி வரையிலான விற்பனையை அவ்விதழுக்கு அறிவிக்கின்றன. அவை எந்தெந்தக் கடைகள் என்பது கமுக்கம். அறிவித்த எண்களுக்கு எவ்வளவு நிறை ஏற்றுகின்றனர் என்பதும் கமுக்கம். மொத்தமாக வாங்கப்பட்ட படிகளை எப்போது சேர்ப்பது, எப்போது தள்ளுவது என்பது ஆசிரியர் குழுவின் முடிவு. வெளிப்படையாகச் சொன்னால், பணம் படைத்தவர்கள் அக்கடைகளையே தேடிச் சென்று படிகளை அள்ளி வாங்கிப் பட்டியலைக் கெடுத்துவிடுவர் என்று அவ்விதழ் அதற்குக் கரணியம் கூறுகின்றது.

அக்கரணியத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. வணிக மேலாண்மை பற்றிய நூல் ஒன்றன் ஆசிரியர் இருவர், தம் நூலின் 10,000-க்கு மேற்பட்ட படிகளைப் பல கடைகளிலிருந்து தாமே வாங்குவதற்கு 2,50,000 டாலர் செலவிட்டனர் என்று 'பிசினசு வீக்கு' இதழ் 1995-இல் வெளிப்படுத்தியது. அந்நூல் பதினைந்து கிழமைகள் பட்டியலில் இருந்தது! கமுக்கம் என்னும் கதவு திருடனைத் தடுக்கவில்லை என்பதையும் இந்நிகழ்ச்சியே காட்டுகின்றது. இதன் பின்னரே, மொத்தக் கொள்முதல் நடந்ததாக ஐயுறப்படும் நூலின் பக்கத்தில் சிறு குத்துவாள் வடிவில் ஒரு குறியை அவ்விதழ் இடத் தொடங்கியது. குறியின் பொருள் அறிந்து படிப்பவர் எத்தனை பேரோ!

இனிச் சொல்லப்போவதே இச்சிக்கலின் நடுவண் செய்தி. அது பழைய செய்தி. ஆனால் பின் வந்த பூசல்கள் யாவற்றுக்கும் திறவுகோல். 'எக்சார்சிசுட்டு' என்னும் பேய்க்கதையால் உலகெங்கும் அறியப்பட்ட வில்லியம் பீட்டர் பிளாட்டி, 1983-இல் 'லீசியன்' என்னும் புதினத்தை வெளியிட்டார். பட்டியலில் ஏறத்தக்க அளவு அது விற்றும், கவனக்குறைவாலோ வேண்டுமென்றோ அது சேர்க்கப்படவில்லை என்று கூறி, 60 இலக்கம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். பிளாட்டியின் வழக்கு அரசியல் வழக்கன்று. 'எண்ணியதில் பிழை' என்பதே அவர் வாதம். அதற்கு நியூயார்க்கு டைம்சு என்ன விடை கூறியிருக்க வேண்டும்? 'இதோ எங்கள் கணக்கு; பிழை இருந்தால் காட்டுங்கள்' என்றன்றோ கூறியிருக்க வேண்டும்! அவ்விதழ் கூறியதோ வேறு. இப்பட்டியல் கணக்கியல் முறைப்படி அமைந்த புறநிலை எண்ணிக்கையன்று. இஃது இதழாசிரியப் பகுதியைச் சேர்ந்த உள்ளடக்கம். ஆகலின் அரசமைப்புச் சட்டம் காக்கும் கருத்துரிமைக்குள் அடங்குவது என்று அது வாதிட்டது.

இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். கடைத்தெருவில் நிறைகோல் பிடித்து நிற்கும் வணிகன் ஒருவனிடம், 'ஐயா, நிறை குறைகின்றதே' என்று ஒருவர் கேட்கின்றார். 'இது நிறையன்று, இப்பொருளைப் பற்றிய என் கருத்து' என்று அவன் விடை சொன்னால், கேட்டவர் அடுத்த நாளும் அக்கடைக்குப் போவாரா? நூல் வாங்கும் மக்களிடம் அதன் பெயர் 'விற்பனைப் பட்டியல்'. வழக்குமன்றத்தின் முன் அதன் பெயர் 'கருத்து'. இரண்டு பெயரால் வாழ்கின்ற பொருள் அது. கலிபோர்னிய மாநில உச்ச வழக்குமன்றம் 1986-இல் பிளாட்டியின் வழக்கை ஏற்க மறுத்தது. பட்டியல் அவரைச் சுட்டி எதுவும் கூறவில்லை. கூறாதவற்றுக்காக இதழின்மேல் வழக்காட இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பட்டியலின் கணக்கு சரி என்று மன்றம் சான்று வழங்கவில்லை. நாட்டின் உச்ச வழக்குமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. கருத்துரிமை காக்கப்பட்டது நன்றே. ஆனால், கருத்து என்று தாமே ஒப்புக்கொண்டவர்கள், 'உங்கள் கருத்து எந்தப் பக்கம் சாய்ந்தது?' என்று பிறர் கேட்கும்போது சினங்கொள்வதற்கு இடமில்லை.

அக்கேள்வி 2015-இல் ஓங்கி ஒலித்தது. குடியரசுக் கட்சியின் சார்பில் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த டெக்சாசு மாநில மேலவை உறுப்பினர் டெட் குரூசு, அவ்வாண்டு கோடையில் தன்வரலாற்று நூல் ஒன்றை வெளியிட்டார். முதற் கிழமையில் 11,854 படிகள் விற்றதாக நீல்சன் புக்சுகேன் நிறுவனத்தின் கணக்கு காட்டியது. அதனினும் குறைவாக விற்ற நூல்கள் பட்டியலில் ஏறின. குரூசின் நூல் ஏறவில்லை. திட்டமிட்ட மொத்தக் கொள்முதலே அவ்விற்பனையின் பெரும்பகுதி என்று இதழ் கூறியது. பதிப்பித்த ஆர்ப்பர் காலின்சு நிறுவனம் தேடிப் பார்த்து, அதற்குச் சான்று இல்லை என்றது. அமேசான் நிறுவனமும் அவ்வாறே கூறியது. சான்றை வெளியிடுக என்று குரூசு தரப்பினர் அறைகூவினர். இதழ் சான்றை வெளியிடவில்லை. அடுத்த கிழமையே அந்நூல் ஏழாம் இடத்தில் தோன்றியது! முதற் கிழமையில் ஏன் தள்ளினார்கள், இரண்டாம் கிழமையில் ஏன் கொண்டார்கள் என்பது அவர்களுக்கு மட்டுமே வெளிச்சம்.

இரண்டாண்டுகள் கழித்து, 2017 செப்டம்பரில், பழமைபேணும் அரசியல் நூல்களையே பெரிதும் வெளியிடும் ரெக்னரி பதிப்பகம், இனி அப்பட்டியலின் பெயரைத் தன் விளம்பரங்களில் எடுத்தாளப் போவதில்லை என்று அறிவித்தது. தினேசு டிசூசா எழுதிய நூல் விற்பனைக் கணக்கின்படி முதலிடத்தில் இருக்க, அவ்விதழ் ஏழாம் இடத்தில் வைத்தது என்பது அதன் முறையீடு. ஆசிரியரின் அரசியற் கொள்கைக்கும் பட்டியலின் வரிசைக்கும் தொடர்பில்லை என்று இதழ் மறுத்தது.

இங்கு ஒன்றை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. இதே ரெக்னரி பதிப்பகம் 2004-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, மக்களாட்சிக் கட்சி வேட்பாளர் சான் கெர்ரியைத் தாக்கி வெளியிட்ட நூல் இதே பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்போது சாய்வு என்னும் சொல் எழவில்லை. ஏறும்போது முத்திரை, இறங்கும்போது முறைகேடு என்பது வணிகர் வழக்கு. படிகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதும் கற்பனையன்று. 2019-இல் டொனால்டு டிரம்பின் மூத்த மகன் எழுதிய நூல் குத்துவாள் குறியுடன் முதலிடத்தில் நின்றது. குடியரசுக் கட்சியின் நாட்டளாவிய குழு, அந்நூல் வெளிவருவதற்குச் சில நாள் முன்பு 94,800 டாலரை நூற்கடை நிறுவனம் ஒன்றுக்குச் செலுத்தியதைத் தேர்தல் கணக்குப் பதிவுகள் காட்டின. சாய்வைப் பற்றி முறையிடுவோர் தம் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அரசியலன்றி விதியே ஐயத்தை விளைத்ததும் உண்டு. கனடா நாட்டு உளவியற் பேராசிரியர் சோர்டான் பீட்டர்சன் 2018-இல் வெளியிட்ட வாழ்க்கை நெறி நூல், அமெரிக்காவில் பிற பட்டியல்களில் முதலிடத்தில் நிற்க, நியூயார்க்கு டைம்சு பட்டியலில் தலைகாட்டவே இல்லை. அது கனடாவில் பதிப்பிக்கப்பட்டது. அமெரிக்கப் பதிப்புகளையே கொள்வோம் என்பது இதழின் விளக்கம். விதி அதுவாகவே இருக்கலாம். ஆனால் விதிகள் முன்னரே அச்சில் இருந்திருந்தால் விளக்கத்துக்குத் தேவை ஏற்பட்டிராது.

சாட்டுக்குச் சான்று உண்டா, இல்லையா? தனித்தனி நிகழ்ச்சிகளைக் கொண்டு இருபுறமும் வாதிடலாம், முடிவு தோன்றாது. இலண்டனிலிருந்து வெளிவரும் 'எக்கனாமிசுட்டு' இதழ் 2024-இல் வேறு வழியை மேற்கொண்டது. பன்னிரண்டு ஆண்டு விற்பனைக் கணக்கையும் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஏறத்தாழ ஒரே அளவு விற்ற நூல்களுள், பழமைபேணும் பதிப்பகங்களின் நூல்கள் கிழமைப் பட்டியலில் ஏறும் வாய்ப்பு, ஏனையோரின் நூல்களினும் ஏழு விழுக்காட்டுப் புள்ளி குறைவு என்று கண்டது. ஏழு என்பது மலையன்று. ஆனால் சுழியும் அன்று. அக்குறைவு வெறுப்பினால் வந்ததா? அந்நூல்கள் மொத்தக் கொள்முதலால் மிகுதியும் விற்பதனால் வந்ததா? தேர்ந்தெடுத்த கடைகள் பெருநகரங்களின் சிறு நூற்கடைகளாக இருந்து, அங்கு வருவோரின் கொள்கை எண்களில் ஏறியதால் வந்ததா? மூன்றும் கலந்ததா? கடைகளின் பெயரும் நிறையேற்றும் முறையும் வெளிவந்தாலன்றி எவராலும் முடிவு கூற இயலாது. அவற்றைக் கையில் வைத்திருப்பவர் ஒருவரே, சாட்டப்பட்டிருப்பவரும் அவரே.

கடைகளின் பெயரை இன்றே வெளியிடுக என்று கேட்பது பேதைமை. அடுத்த கிழமையே கொள்முதல்காரர்கள் அங்கு நிற்பர். ஆனால் ஐந்தாண்டுகள் கழிந்த பின்னேனும் பழைய கணக்குகளை ஆய்வாளர்க்குத் திறந்துவிடலாம். தள்ளப்பட்ட நூலுக்கு, தள்ளியதன் கரணியத்தை ஒரு வரியில் அச்சிடலாம். இவற்றால் கருத்துரிமைக்கு எக்குறைவும் நேராது.

ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்போ சுருங்கி வருகின்றது. நீல்சன் புக்சுகேனின் வழிவந்த நிறுவனத்திடம் எண்களைப் பெற்று வெளியிட்டு வந்த 'வால் சிட்ரீட்டு சர்னல்' நாளிதழ், தன் நூற்பட்டியலை 2023-இல் நிறுத்திவிட்டது.