எழுத்தறியாதார்க்கு மட்டுமா ஓவியம்?

  

1. வழக்கு

கலை இறையியலுக்கு ஏவல் செய்கிறதா, தானே இறையியல் பேசுகிறதா? இவ்வழக்கில் என் எதிர்த்தரப்பினர் பலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் நம்பியிருப்பது, கி.பி. 600ஐ ஒட்டிப் போப் பெரிய கிரகோரி மார்சேய் ஆயர் செரேனுசுக்கு எழுதிய கடிதம். எழுத்தறியாதவர் சுவரைப் பார்த்துப் படித்துக்கொள்ளவே படம் என்றார் கிரகோரி. படங்களை உடைத்த ஆயரைத் தடுக்க அந்த வாதம் போதும். அதையே கலைக்கு முழு இலக்கணமாக்கினால், திருச்சபை முன்பே சொல்லி முடித்ததைத்தான் ஓவியன் மறுபடி சொல்கிறான் என்றாகிவிடும். அதை நான் மறுக்கிறேன்.

2. ஈசன்ஹைம் பீட ஓவியம்

அல்சாஸ் பகுதியின் ஈசன்ஹைமில் வனத்து அந்தோணியார் சபைத் துறவிகள் மருத்துவமனை நடத்தினார்கள். அவர்களுக்காக 1512 முதல் 1516 வரையிலான காலத்தில் மத்தியாஸ் க்ரூனவால்ட் தீட்டிய கதவடுக்குப் பீட ஓவியம் இன்று கோல்மார் நகர உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை வாட்டியது ‘அந்தோணியார் நெருப்பு’. ரை தானியக் கதிரில் பிடிக்கும் பூஞ்சை ரொட்டியில் கலந்து, உடலை எரித்து, கைகால்களை அழுகவைக்கும். கம்பங்கதிரில் தேனொழுகல் நோயைப் பார்த்த நம் விவசாயிகளுக்கு இந்தப் பூஞ்சையின் இனம் தெரியும்.

கதவுகள் மூடியிருக்கும்போது தெரிவது சிலுவைப்பாடு. இயேசுவின் மேனி பச்சை பாரித்திருக்கிறது. தோலெங்கும் முள் தைத்த புண்கள். ஆணியடித்த கைகளில் விரல்கள் விறைத்து விரிந்து நிற்கின்றன. வலப்பக்கம், முன்பே கொல்லப்பட்டுவிட்ட திருமுழுக்கு யோவான் உயிரோடு நின்று நீண்ட விரலால் அவரைச் சுட்டுகிறார். இறையியலாளர் கார்ல் பார்த் தம் எழுதுமேசைக்கு மேல் இதன் படியை மாட்டியிருந்தது அந்த விரலுக்காகத்தான்.

நோயாளிகளின் நோயையே கிறிஸ்துவின் தோலில் ஓவியர் ஏற்றினார் என்பது என் வாதம். “அந்தப் புண்கள் கசையடியின் தடயம், நோயை அதில் ஏற்றிப் படிப்பது உங்கள் கற்பனை” என்பது எதிர்த்தரப்பு நண்பர்களின் மறுப்பு. அவர்கள் கடைசி அடுக்கையும் திறந்து பார்க்க வேண்டும். அந்தோணியாரைப் பேய்கள் அலைக்கழிக்கும் பலகையின் இடது கீழ்மூலையில், வயிறு வீங்கி, உடலெல்லாம் கொப்புளமாக ஓர் உருவம் சாய்ந்து கிடக்கிறது. நோயை அவ்வளவு நுணுக்கமாகத் தீட்டத் தெரிந்தவர், அதே நோயாளிகள் வணங்கும் பீடத்தில் கிறிஸ்துவின் தோலை அறியாமலா அப்படி ஆக்கினார்?

நடு அடுக்கைத் திறந்தால் உயிர்த்தெழுதல். அதே மேனி ஒளிர்கிறது. தோலில் ஒரு புண்ணும் இல்லை. சிலுவைக் காயங்கள் மட்டும் இருக்கின்றன. உடல் உயிர்த்தெழும் என்று விசுவாச அறிக்கை சொல்கிறது. அழுகிய தோல் என்னவாகும் என்று அது சொல்லவில்லை. நோயைப் பாவத்தின் தண்டனையாகப் பலரும் எண்ணிய காலம் அது. நோய் நீங்கும், அன்பினால் ஏற்ற காயம் நிலைக்கும் என்று அந்தத் தோலைக் கொண்டு ஓவியர் தீர்ப்புச் சொல்கிறார். இது இறையியல் இல்லையென்றால் வேறு எது இறையியல்?

3. பிற சான்றுகள்

தமஸ்கு யோவான் இதற்கான அடித்தளத்தை எட்டாம் நூற்றாண்டிலேயே இட்டுவிட்டார்: கடவுள் உடலெடுத்ததால் பருப்பொருளுக்கு மதிப்பு வந்தது. 787இல் இரண்டாம் நீசேயா சங்கம் திருவுருவங்களை ஏற்றது. இசையமைப்பாளர் பாக்கின் மத்தேயு பாடுகள் இசைநாடகத்தில், காட்டிக்கொடுப்பவன் நானோ என்று சீடர்கள் கேட்டதும், நானே என்று பதில் பாடுவது சபையின் கீதம். குற்றம் யூதாசோடு நின்றுவிடாதபடி இசை பார்த்துக்கொள்கிறது.

4. இனிச் செய்ய வேண்டியவை

நம் வீட்டிலும் வேலை கிடக்கிறது. நற்செய்தி நூல்களில் சில இடங்களில் மட்டுமே வரும் சூசையப்பரை 3,615 பாடல்களுக்குத் தலைவராக்கிய தேம்பாவணியை மொழிநடைக்காகவே படிக்கிறோம். அதன் இறையியலை எழுத வேண்டும். வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி குறி சொல்வதைத் தீர்க்கதரிசனத்தோடு ஒப்பிட வேண்டும். கீர்த்தனை ராகங்களும் தேவாலயச் சிற்பங்களும் தனித்தனி ஆய்வுக்கு உரியவை. இளம் ஆய்வாளர்கள் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் தேடுவதற்கு முன் படத்தின் முன் போய் நில்லுங்கள்.