நீரை வெறுக்கும் மருந்து



பசிபிக் யூ மரப்பட்டையிற் கிடைத்த புற்றுநோய் மருந்து பக்லிடாக்செல். அதன் மூலக்கூற்றமைப்பு 1971இல் வெளியாயிற்று. ஆனால், அது நீரிற் கரைய மறுத்தது. ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய ஒரு பொருளிலும் மதுசாரத்திலும் கரைத்தே நாளத்தில் ஏற்றினார்கள். அக்கரைப்பானே சில நோயாளருக்குக் கடும் ஒவ்வாமையை விளைத்தது. அதைத் தடுக்க முன்கூட்டி வேறு மருந்துகள் கொடுக்க நேர்ந்தது!

மருந்தை ஜெல்லில் இட்டு, வேண்டிய இடத்தில் மெல்லக் கசியவிட்டால் என்ன? 1960இல் விக்டர்லே, லிம் என்னும் செக்கோசிலோவாக்கிய அறிஞர்கள் நீர் நிறைந்த பல்பகுதிய ஜெல் உடலுக்கு உகந்ததெனக் காட்டினர். ஆயின் அதன் வலைக்கண்களில் நிறைந்திருப்பது நீரல்லவா? நீரை வெறுக்கும் மருந்து அங்கே எவ்வாறு குடியிருக்கும்?

ஆகவே நீரை விரும்பும் பகுதியையும் வெறுக்கும் பகுதியையும் ஒரே சங்கிலியிற் கோக்கிறார்கள். வெறுக்கும் பகுதிகள் நீருக்கு அஞ்சி உள்ளே திரண்டு மருந்துக்கு இடங்கொடுக்கின்றன. நாம் நாளும் கையாளும் சவர்க்காரம் எண்ணெயழுக்கைப் பற்றுவதும் இவ்வாறே. பொலொக்சமர் 407 இத்தகையது. அதன் 20 வீதக் கரைசல் குளிரில் நீர்மம், உடற்சூட்டில் ஜெல். ஊசியால் ஏற்றுவது எளிது.

எனினும் நாம் அதனை மிகைபடப் புகழோம். உடல்நீர் பட்டதும் அது சில நாட்களுக்குள் கரைந்துபோகிறது. வாரக்கணக்கில் நிற்கவேண்டுமாயின், இலற்றிக்கமிலத்தாலாய, மெல்லச் சிதையும் பகுதியைச் சங்கிலியிற் சேர்க்கவேண்டும். அது சிதையும் வேகத்தையொட்டியே மருந்தும் வெளிப்படும்.